ஒளித்த தளத்துக்கு எதிரி எப்படி வந்து சேருவான்?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். விண்வெளிப் போர்க் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாராம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் பத்துக் கிலோமீற்றர் அகலமான சிறுகோள் ஒன்றைக் குடைந்து, ஆயிரம் பேர் கொண்ட ஒரு படையணி பன்னிரண்டு வருடமாக ஒளித்திருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் எதிரியின் கப்பல்கள் திடீரென்று தலைக்கு மேல் தோன்றி எல்லாவற்றையும் அழித்துவிடுகின்றன. வாசித்த நண்பர் ஒருவர் "இவ்வளவு காலமும் கண்டுபிடிக்காதவன் இன்றைக்கு எப்படிக் கண்டுபிடித்தான், எப்படிச் சத்தமில்லாமல் வந்தான்?" என்று கேட்டாராம். தம்பிக்குப் பதில் தெரியவில்லை.

நான் முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். விஞ்ஞானக் கதை கிடைத்தால் விடைத்தாள் திருத்துவதைத் தள்ளிவைத்துவிட்டு வாசிக்கிற பழக்கமும் உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். தளம் பன்னிரண்டு வருடம் ஒளிந்திருந்தது என்பதை நான் நம்புவேன். கப்பல்கள் திடீரென்று தோன்றின என்பதை நம்பமாட்டேன். பெரும்பாலானவர்கள் இதை மாறித்தான் நினைக்கிறார்கள்.

முதலில் கப்பல். விண்வெளியின் பின்புலம் 2.7 கெல்வின். கப்பலுக்குள் மனிதர் இருந்தால் உள்ளே ஏறத்தாழ 300 கெல்வின் வேண்டும். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெப்பம் கதிர்வீசித்தான் வெளியே போகலாம். ஸ்டெபானின் விதியில் போட்டுப் பாருங்கள்: 300 கெல்வினில் இருக்கும் கரிய மேற்பரப்பு ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 460 வாற்று அளவில் அகச்சிவப்பாக உமிழும் (நம் பாடப்புத்தகத்தில் செங்கீழ்க் கதிர்). அமாவாசை இரவில் வெட்டவெளி வயலுக்கு நடுவே டோர்ச் பிடித்துக்கொண்டு நிற்பவன் "என்னைக் காணவில்லை" என்று நினைப்பது போலத்தான் அந்தக் கப்பலின் நிலை. கறுப்பு வர்ணம் பூசினாலும் ஒன்றுதான். கரிய மேற்பரப்புத்தான் கூட உமிழும்.

தளத்தின் கதை வேறு. அதற்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் உங்கள் சிறுகோள் இருக்கிறது என்று வைப்போம். அங்கே வெயில் ஒன்பதில் ஒரு பங்காகிச் சதுர மீற்றருக்கு 150 வாற்று அளவில் இருக்கும். பத்துக் கிலோமீற்றர் விட்டமுள்ள கல்லின் முகத்தில் விழும் மொத்த வெயில் சுமார் 12,000 மெகாவாற்று. அதில் பெரும்பங்கை வாங்கி அப்படியே அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்ந்துகொண்டிருக்கிறது அந்தக் கல். ஆயிரம் பேரின் உடல் வெப்பம் மட்டும் ஆளுக்கு 100 வாற்றுப்படி 0.1 மெகாவாற்று. விளக்கு, காற்றுச் சுத்திகரிப்பு, பயிர், பட்டறை எல்லாம் சேர்த்து 10 மெகாவாற்று என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கல் தானாக உமிழ்வதில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வராது. ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பிவிட்டால் தூரத்தில் இருக்கும் தொலைநோக்கிக்கு அது அளவீட்டுப் பிழைக்குள் போய்விடும்.

இன்னும் நல்லது, உள்ளே பனிக்கட்டி உள்ள சிறுகோளாகப் பார்த்து எடுங்கள். ஒரு கிலோகிராம் பனியை உருக்க 334 கிலோ யூல் வேண்டும். ஒரு கன கிலோமீற்றர் பனிக்குள் 10 மெகாவாற்றைத் தொடர்ந்து தள்ளினாலும் அது முழுதாக உருகி முடிய 970 வருடம் அளவில் எடுக்கும். உங்கள் பன்னிரண்டு வருடம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நான் ஒருமுறை வகுப்பில் இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு பெடியன் "சேர், அப்ப உள்ளுக்க ஒரு குளமே வந்திடுமே" என்றான். வரும். அந்தக் குளத்தைக் கதையில் விட்டுவிடாதீர்கள்.

ஆக, தளத்தின் வெப்பம் தளத்தைக் காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுக்கக்கூடியவை வேறு இரண்டு.

ஒன்று, கிண்டிய மண். 2008இல் வன்னியில் இருந்தவர்களுக்கு "வண்டு" என்றால் பூச்சி ஞாபகம் வராது. தலைக்கு மேல் மணிக்கணக்காய் இரைந்துகொண்டு நின்ற ஆளில்லா வேவு விமானம்தான் வரும். எங்கள் வளவில் ஐயா பங்கர் வெட்டியபோது, கிண்டிய மண்ணைக் குவித்து வைக்க விடவில்லை. கடகத்தில் அள்ளி மாமரத்தடி, வேலிக்கரை என்று மெல்லியதாகப் பரப்பி, மேலே சருகு போட்டார். குடும்பம் பதுங்கும் பங்கர், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் மேலேயிருந்து பார்ப்பவனுக்கு எங்கள் பங்கரும் காவலரணும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்ற பயம் அவருக்கு. வெயிலில் காய்ந்த பழைய மண்ணுக்கும் அடியிலிருந்து வந்த புது மண்ணுக்கும் உள்ள நிற வித்தியாசம் உயரத்திலிருந்து பார்க்கத்தான் நன்றாகத் தெரியும்.

சிறுகோளிலும் அதே கதைதான். நூறு மீற்றர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு மண்டபம் குடைந்தால் பத்து இலட்சம் கன மீற்றர் கல், இருபது இலட்சம் தொன் அளவில் வெளியே வரும். சூரியக் காற்றும் நுண்விண்கற்களும் கோடிக்கணக்கான வருடங்களாக அடித்து, மேற்பரப்பின் நிறம் மாறிப்போயிருக்கும். உள்ளே இருப்பது அந்த நிறம் இல்லை. 2019 ஏப்ரலில் யப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியுகு என்ற சிறுகோளின்மேல் இரண்டு கிலோகிராம் செம்புக் குண்டு ஒன்றைச் செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் அடித்தது. பத்து மீற்றருக்கு மேல் அகலமான குழி விழுந்தது. சிதறி விழுந்த உள்மண் சுற்றியிருந்ததைவிடக் கறுப்பாக இருந்தது படங்களிலேயே தெரிந்தது. இரண்டு கிலோ குண்டுக்கே அந்த அடையாளம் என்றால் இருபது இலட்சம் தொன்னை எங்கே கொட்டுவீர்கள்? வெளியே கொட்டாமல் கல்லின் உள்வெடிப்புகளை நிரப்பினார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். வாசகர் மன்னிப்பார்.

இரண்டாவதை மன்னிக்கமாட்டார், அது போக்குவரத்து.

என் பெரியப்பா ஒட்டுசுட்டான் காட்டில் தேன் எடுத்தவர். தேன்கூட்டைத் தேடி அவர் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துத் திரிந்ததை நான் கண்டதில்லை. கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது வற்றாத மோட்டை ஒன்றின் கரையில் குந்தியிருப்பார். தேனீ தண்ணீர் குடிக்க வரும். குடித்தது நேரே கூட்டுக்குத்தான் போகும், ஊர் சுற்றாது. போன திசையைப் பார்த்துக்கொள்வார். திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதிலிருந்து தூரத்தை மட்டுக்கட்டுவார். பிறகு இன்னொரு மோட்டைக்குப் போய் அங்கிருந்தும் திசை பார்ப்பார். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கத்தியோடு போய் நிற்பார்.

உங்கள் எதிரியும் அதைத்தான் செய்யவேண்டும். ஆயிரம் பேர் பன்னிரண்டு வருடம் வாழ்ந்தால் தண்ணீரும் காற்றும் அங்கேயே சுழலலாம். மருந்து, மின்னணு உதிரிப்பாகம், அணு உலைக்கு எரிபொருள், புது ஆட்கள்? ஆயிரம் தொன் கப்பல் ஒன்று மெல்ல மெல்ல, புவியீர்ப்பின் நூறில் ஒரு பங்கு ஆர்முடுகலோடு வேகம் குறைத்து வந்து சேருகிறது என்று வைப்போம். எந்திரத்தின் புகை செக்கனுக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறினால் அந்தத் தாரையின் வலு 2,500 மெகாவாற்று. தளம் முழுவதும் உண்டாக்கும் வெப்பத்தைப்போல் 250 மடங்கு. அதுவும் மலையின் பின்னணியில் இல்லை, வெறும் இருட்டில். வருடத்துக்கு இரண்டு முறை இப்படி ஒரு வெளிச்சம் வந்து, ஒன்றுமில்லாத ஒரு கல்லுக்குப் பக்கத்தில் அணைகிறது. மோட்டைக்கரையில் குந்தியிருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி 1942க்கு வருவோம். ஒளித்த தளம் என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது நம் கடலில் நடந்த கதைதான்.

அந்த வருடம் பிரித்தானியரின் கிழக்குக் கடற்படைக்கு ஊரறிந்த துறைமுகங்கள் கொழும்பும் திருகோணமலையும். ஆனால் மாலைதீவின் தென்கோடியில், கொழும்பிலிருந்து சுமார் 1,100 கிலோமீற்றர் தொலைவில், அட்டு பவளத்தீவில் இன்னொரு தளத்தை இரகசியமாக அமைத்திருந்தார்கள். பெயர்கூட வைக்காமல் "போர்ட் ரி" என்று குறித்தார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் யப்பானிய விமானந்தாங்கிகள் வரப்போகின்றன என்று தெரிந்து, அட்மிரல் சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். காணவில்லை. தண்ணீரும் எரிபொருளும் முடிந்துகொண்டு வர, கப்பல்களைத் திருப்பி அட்டுவுக்குப் போனார். ஏப்ரல் 4ஆம் திகதி அங்கே போய்ச் சேர, அன்றைக்கே லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி ஓட்டிய கற்றலினா விமானம் யப்பானியப் படையைக் கண்டு செய்தி அனுப்பியது. அனுப்பிய கையோடு அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு கொழும்பு அடிவாங்கியது. 9ஆம் திகதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியும் மூழ்கியது. ஆனால் யப்பானியத் தளபதி நகுமோ தேடி வந்த முதன்மைக் கடற்படை அவர் கையில் சிக்கவில்லை. அப்படி ஒரு மூன்றாவது துறைமுகம் இருப்பதே யப்பானியருக்குத் தெரியாது.

இதில் உங்கள் கதைக்கு இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, அட்டு தப்பியது மறைப்பு வேலையால் அல்ல. அங்கே தேடவேண்டும் என்ற எண்ணமே எதிரிக்கு வரவில்லை. மற்றது பின்னால் நடந்தது: 1944 மார்ச்சில் ஜேர்மனியின் யூ-183 நீர்மூழ்கி பவளத்தீவுக்கு வெளியே நின்றபடி, கால்வாயை மறித்திருந்த வலையின் இடைவெளி ஒன்றுக்குள்ளால் டொர்பீடோ விட்டு, உள்ளே நின்ற எண்ணெய்க் கப்பலை அடித்தது. இடம் தெரிந்துவிட்டால் உள்ளே நுழையவே தேவையில்லை, வாசல் நேராக இருந்தால் போதும்.

சரி, இடம் தெரிந்துவிட்டது. எதிரி எப்படி வருவான்?

செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்தாலும், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள அளவு தூரத்தைக் கடக்க 58 நாள் வேண்டும். எந்திரத்தை மூட்டிய நாளிலேயே தளத்துக் காவலாளிக்கு அது தெரிந்துவிடும். மூட்டி அணைத்த பிறகு பாதையும் தெரியும், வந்து சேரும் மணித்தியாலமும் தெரியும். எறிந்த கல்லின் கணக்குத்தானே. அதனால் நான் எழுதினால் காவலாளியின் கண்ணை மறைக்கப் பார்க்கமாட்டேன். கண்டதைத் தவறாக விளங்கிக்கொள்ள வைப்பேன்.

1941 டிசம்பர் 7 காலை 7:02 மணிக்கு, ஹவாயின் ஓவாகு தீவின் வட முனையில் ஒபானா ராடார் நிலையத்தில் இருந்த இரண்டு சிப்பாய்கள் பெரிய விமானக் கூட்டம் ஒன்றைக் கண்டார்கள். இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தூரத்தில். உடனே அறிவித்தார்கள். பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு அன்றைக்குக் கலிபோர்னியாவிலிருந்து பி-17 விமானங்கள் வரும் என்று தெரியும். அவைதான் என்று முடிவெடுத்துப் பேசாமல் இருந்துவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் பேர்ள் துறைமுகம் எரிந்தது. கொழும்பிலும் பாருங்கள், முதல்நாளே எச்சரிக்கை கிடைத்தும், எதிரி விமானங்கள் தலைக்கு மேல் வரும்வரை ரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில்தான் நின்றன. இரண்டு இடத்திலும் கருவிமேல் பிழை சொல்ல நான் ஆயத்தமில்லை.

ஆகவே உங்கள் எதிரி தன் போர்க்கப்பலை, தளத்துக்கு வழக்கமாக வரும் சரக்குக் கப்பலின் எடையோடும் தாரையோடும் நேர அட்டவணையோடும் அனுப்பட்டும். உண்மையான சரக்குக் கப்பலை அவன் நடுவழியில் பிடித்துவிட்டான். அடையாளக் குறியீடும் சரியாக வருகிறது. ஒரேயொரு வித்தியாசம், வேகம் குறைக்கத் தொடங்க வேண்டிய நேரத்தில் அது தொடங்கவில்லை. எந்திரக் கோளாறா, எதிரியா? காவலில் இருப்பவருக்கு அதைத் தீர்மானிக்கச் சில மணித்தியாலங்கள். பூமிப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஆளிடம் கேட்கலாம் என்றால் ஒளி போய் வரவே சுமார் 33 நிமிடத்திலிருந்து 66 நிமிடம்வரை. கேட்டால் தளம் வாய் திறந்ததாகிவிடும். கேட்காவிட்டால்? என்னைக் கேட்டால் உங்கள் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இந்த மேசையில்தான் நடக்கவேண்டும்.

சூரியன் பக்கத்து உபாயம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் தளத்திலிருந்து பார்த்தால் பூமி சூரியனை விட்டு 20 பாகைக்கு மேல் விலகவே மாட்டாது. பூமிப் பக்கத்திலிருந்து வருபவன் எல்லோரும் ஏறத்தாழ வெயிலுக்குள்ளிருந்துதான் வருவான். 2013 பெப்ரவரி 15இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் வெடித்த விண்கல் இருபது மீற்றர் அளவு. செக்கனுக்கு 19 கிலோமீற்றர் வேகத்தில் சூரியன் பக்கத்திலிருந்து வந்ததால் உலகத்தின் ஒரு தொலைநோக்கிக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், பெரும்பாலும் யன்னல் கண்ணாடியால். தளத்துக்காரருக்கு மூளை இருந்தால் சூரியனை ஒரு பக்கமாக வைத்துப் பார்க்கும் காவல் கருவி ஒன்றைத் தூரத்தில் விட்டிருப்பார்கள். அது பழுதாகி, உதிரிப்பாகம் அந்தச் சரக்குக் கப்பலில் வருகிறது என்று வையுங்களேன்.

இன்னும் கொடூரமான வழி, ஆளே அனுப்பாமல் கல் அனுப்புவது. கல்லுக்குக் காற்று வேண்டாம், சூடு வேண்டாம், இருட்டில் ஆறிப்போய் வரும். செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு கிலோகிராமும் 450 மெகா யூல் இயக்கசக்தி கொண்டது, அதே எடை ரி.என்.ரி. வெடிமருந்தைப்போல் நூறு மடங்குக்கு மேல். குறி பார்ப்பதும் நடக்காத காரியம் அல்ல. 2022 செப்டெம்பரில் நாசாவின் டார்ட் கலம் 160 மீற்றர் அகலமான டிமோர்போஸ் என்ற சிறுகோளைச் செக்கனுக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் நேராக மோதியது. கடைசி நான்கு மணித்தியாலம் அளவில் மனிதக் கை படாமல் தானே வழி பார்த்துப் போனது. கப்பல் என்றால் விலகி ஓடலாம். சிறுகோள் எங்கே ஓடும்? பத்து வருடம் கழித்து இந்த நாளில் இந்த நேரத்தில் அது எங்கே நிற்கும் என்று பஞ்சாங்கம் போல எழுதி வைக்கலாம். கல்லை எதிரி ஐந்து வருடத்துக்கு முன்பே எறிந்துவிட்டு, அதன் பிறகு சமாதானப் பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கிலோமீற்றர் கல்லுக்கு அடியில் இருப்பவர்களை இந்த அடி நேராகக் கொல்லாது. எதிரிக்கு அது தேவையும் இல்லை. வாசல், அலைக்கம்பம், வெப்பத்தைப் பரப்பும் குழாய்கள், இவை மூன்றும் மேற்பரப்புக்குக் கிட்ட இருப்பவை. அவற்றை உடைத்தால் உள்ளே இருப்பவர்கள் தங்கள் வெப்பத்தோடு தாங்களே அடைபடுவார்கள். உலையை நிறுத்தினால் இருட்டு, நிறுத்தாவிட்டால் புழுக்கம். அப்போதுதான் அந்தப் பின்வாங்குப் பெடியனின் குளம் உதவிக்கு வரும், எஞ்சியிருக்கிற பனி இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கணக்கோடு.

ஒளியை மிஞ்சிப் பாயும் எந்திரம் வைத்திருந்தால் மேலே சொன்ன பாதி அடிபட்டுப் போகும் என்பது உண்மை. எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு ஒரு விலையை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிடுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் வைத்தால் அது களவு.

திருத்தி எழுதத் தொடங்குமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சிறுகோள் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுழல்கிறது என்று தீர்மானியுங்கள். இருநூறு மீற்றருக்குப் பெரிய சிறுகோள்கள் அநேகமாக 2.2 மணித்தியாலத்தைவிட வேகமாகச் சுழலுவதில்லை, சுழன்றால் கல்லும் மண்ணும் பிரிந்து பறந்துவிடும். ஆறு மணித்தியாலம் என்று வையுங்கள். வாசல் மூன்று மணித்தியாலம் வெயிலைப் பார்க்கும், மூன்று மணித்தியாலம் இருட்டைப் பார்க்கும். எதிரியின் கல் எந்த நிமிடத்தில் விழவேண்டும், அந்த நிமிடத்தில் காவல் மேசையில் யார் இருக்கிறார், முறை மாறி வந்தவரா, போகப்போகிறவரா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணிலிருந்துதான் வரும்.